பதினாலாம் பக்கத்து ஊஞ்சல்

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு மனுஷன் கையில் அச்சடித்த தாள் எதைக் கொடுத்தாலும் முதலில் தேடுவது தன் பேரைத்தான். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு, எதுவானாலும் சரி. பேர் இருந்தால், எந்த இடத்தில் இருக்கிறது, தனக்கு மேலே எவன் பேர் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு, மண்டபம் எங்கே என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பியூலா டீச்சருக்கு இது தெரியாத விஷயமே இல்லை. அவள் வீட்டுக்காரன் வினோத் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் அச்சகம் வைத்திருப்பவன். பேர் வரிசையில் வந்த சண்டைகளைப் பற்றி அவன் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். இவ்வளவும் தெரிந்திருந்தும் டீச்சர் போய் மாட்டிக்கொண்டாள்.

அவள் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு. அந்த வருஷம் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறைய தகவல் புத்தகங்கள் வந்தன. மலையணில், எலும்பு, மழை, தேனீ என்று வழவழ தாளில் படம் போட்ட புத்தகங்கள். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அணில் புத்தகத்தை எடுத்து ஜெபினிடம் கொடுத்து, “ஏலே ஜெபின், மலையணில் என்ன திங்கும்னு பாத்துச் சொல்லு” என்றாள்.

ஜெபின் நல்ல பிள்ளை. அட்டையிலிருந்து ஆரம்பித்தான். தலைப்பைப் படித்தான். எழுதியவர் பேரைப் படித்தான். முதல் பதிப்பு எந்த வருஷம், பதிப்பகம் எந்தத் தெரு என்று ஒன்றையும் விடாமல் ராகம் போட்டுப் படித்தான். சாப்பாட்டு மணி அடித்தபோது பின்கோடு நம்பரில் நின்றான். அணில் அதுவரைக்கும் பட்டினி.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கதைப் புத்தகத்தை அப்படித்தானே படிக்கிறோம்? நடுவில் புகுந்தால் ராஜா யார், பூதம் எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் விளங்காது. தகவல் புத்தகம் வேறு. அது பலசரக்குக் கடை மாதிரி. மிளகு வாங்கப் போனவன் உப்பு மூட்டையில் ஆரம்பித்து வரிசையாக எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துக்கொண்டு போனால் கடைக்காரன் விடுவானா? பொருளடக்கம், துணைத்தலைப்பு, படத்துக்குக் கீழே வரும் வரி, அருஞ்சொற்பொருள் இவையெல்லாம் கடையில் ஒட்டிவைத்த சீட்டுகள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க எந்தப் புத்தகத்துக்கும் பயப்பட மாட்டார்கள் என்று டீச்சர் நினைத்தாள். ஆனால் ‘பொருளடக்கம்’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே பிள்ளைகள் முகம் கணக்குப் பாடம் வந்த மாதிரி சுருங்கிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வினோத்தின் கடையில் பிழையாக அச்சாகி ஒதுக்கிப் போட்ட பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆளுக்கொரு பத்திரிகையைக் கொடுத்தாள். “இது என்ன விசேஷம்? முழுசாப் படிக்கக் கூடாது. சட்டுன்னு சொல்லணும்.”

“காதுகுத்து டீச்சர்!” “சடங்கு!” “புது வீடு!”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“மேல பெருசாப் போட்டிருக்கே!”

“அதான் தலைப்பு. மண்டபம் எங்க இருக்கு? தேதி எங்க இருக்கு? இந்தப் பேரு மட்டும் ஏன் தடிச்ச எழுத்துல இருக்கு?”

“பெரிய ஆளு டீச்சர்!” என்று வகுப்பே கத்தியது.

ஒரே வாரத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அணில் புத்தகத்தை விரித்து, பொருளடக்கத்தில் விரல் வைத்து, ‘உணவு’ என்று கண்டுபிடித்து, பக்கத்தைத் திருப்பி, ஜெபின் அணிலுக்குச் சோறு போட்டுவிட்டான். டீச்சர் உச்சி குளிர்ந்துபோனாள். பத்திரிகையைக் காட்டிப் புத்தகத்தைக் கற்றுக் கொடுத்தால், நாளைக்குப் புத்தகத்தையும் பத்திரிகையாகவே பார்ப்பார்கள் என்பது அப்போது அவள் புத்திக்கு எட்டவில்லை.

படத்துக்குக் கீழே எழுதும் வரிக்கு மட்டும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. அணில் படத்தைக் காட்டி எழுதச் சொன்னால் எல்லோரும் ‘இது அணில்’ என்று எழுதினார்கள்.

“அது அணில்னு எனக்கே தெரியுதே. படத்துல தெரியறதைத் திருப்பி எழுதுனா எதுக்கு? படத்துல தெரியாததை எழுதுங்க. அது எங்க கெடந்துச்சு, யாரு பாத்தா, அப்போ என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க” என்றாள்.

இந்த வரி ஒருத்தி மனசில் மட்டும் ஆழமாக இறங்கிவிட்டது. சிவரஞ்சனி என்று பேர். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் ஒழுங்காகப் பேசுவாள்.

மறுநாள் சிவரஞ்சனி வீட்டிலிருந்து ஒரு பத்திரிகை கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய காதுகுத்துப் பத்திரிகையேதான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. டீச்சர் பத்திரிகையைப் பார்த்தாள். பிள்ளையின் காதைப் பார்த்தாள். இரண்டு காதும் மழமழவென்று வெறுமையாக இருந்தன.

“நடக்கலையா ரஞ்சனி?”

“நடக்கல டீச்சர். மாமா வரல. மாமா பேரு கீழ போயிருச்சு.”

அவள் விரல் வைத்துக் காட்டினாள். தாய்மாமன் பேர் தனியாக, தடிச்ச எழுத்தில், பார்த்ததும் கண்ணில் படும்படி வர வேண்டிய பத்திரிகை அது. ஆனால் மேலே அப்பா வழிப் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் சம்பந்திகள் வரைக்கும் கொட்டை எழுத்தில் நின்றார்கள். ‘தாய்மாமன் அ. அழகுராஜா, தேவதானம்’ என்பது அடியில், பொடி எழுத்தில், பந்தல்காரர் பேருக்கு ஒரு விரல்கடை மேலே இருந்தது.

மிச்சத்தை டீச்சர் பிள்ளையின் அம்மா மாரீஸ்வரியிடம் தெரிந்துகொண்டாள். அவள் நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு பிள்ளையைக் கூப்பிட வந்தாள்.

“எங்க வீட்டுக்காரவுக அண்ணன் போட்ட வரிசை டீச்சர். இவுக போலீசு ஏட்டு, ஊரையே அதட்டுவாக, அண்ணன்கிட்ட வாயத் தொறக்க மாட்டாக. பத்திரிகையப் பாத்ததும் எந்தம்பி, ‘எம் மடி வேணும், எம் பேரு வேணாமா?’ன்னு கேட்டான். நியாயந்தான? இவுக பதிலுக்கு ஒரு வார்த்த விட்டுட்டாக. அன்னையோட சரி. வேற யாரு மடியிலயாச்சும் வச்சுக் குத்திருவோம்னாக. நான் ஒத்துக்கல. எந்தம்பி மடி இல்லாம எம் பிள்ள காதுல ஊசி படாது.”

சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பிறந்த வீடு பஸ்ஸில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். இரண்டு வருஷமாகப் போகவில்லை. அன்றைக்கு டீச்சருக்குப் பஸ்ஸில் மனசே சரியில்லை. ஆனால் ஒரு டீச்சர் இதில் என்ன செய்ய முடியும்?

அப்புறம், பள்ளி விழாவில் வைப்பதற்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு தகவல் புத்தகம் செய்வது என்று முடிவானது. ‘எங்கள் ஊர், எங்கள் வேலை.’ ஆளுக்கு ஒரு தாள். தனக்குத் தெரிந்த ஒருவர் செய்யும் வேலையைப் பற்றி எழுத வேண்டும். தலைப்பு, துணைத்தலைப்பு, ஒரு போட்டோ, போட்டோவில் என்னென்ன என்று அம்புக்குறி போட்டுக் குறிப்பது, கீழே ஒரு வரி, கடைசியில் கஷ்டமான சொற்களுக்குப் பொருள். போட்டோக்களைப் பெற்றோர் போனில் அனுப்ப, வினோத் முணுமுணுத்துக்கொண்டே பிரிண்ட் போட்டுக் கொடுத்தான்.

ஜெபின் தன் அப்பா ஓட்டும் மினிபஸ்ஸைப் பற்றி எழுதினான். விக்னேஸ்வரன் தன் வீட்டுப் பலசரக்குக் கடையைப் பற்றி எழுதினான். சிவரஞ்சனி எழுதியது, ‘அழகுராஜா மாமாவின் மாந்தோப்பு’.

அவள் ஒட்டியிருந்த போட்டோவில் ஒரு பெரிய மாமரமும் அதில் தொங்கும் வெற்று ஊஞ்சலும்தான் இருந்தன. ஓரத்தில் யாருடைய முழங்கையோ பாதி தெரிந்தது. அம்புக்குறிகள் சுத்தமாக இருந்தன. ‘மாமரம். சப்பட்டை வகை.’ ‘மாமா முழங்கை.’ ‘அப்பா வாங்கிய கயிறு.’ மேலே கிளையைச் சுற்றிய இடத்துக்கு ஓர் அம்பு: ‘முடிச்சு. அப்பாவும் மாமாவும் சேர்ந்து போட்டது.’

டீச்சர் அந்த அம்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். படத்துக்குக் கீழே மட்டும் காலியாக இருந்தது.

“இங்க என்ன எழுதப் போற?”

“படத்துல தெரியாதது நெறைய இருக்கு டீச்சர். எதை எழுதன்னு தெரியல. யோசிச்சுட்டு எழுதுதேன்.”

“செத்த நேரம் எடுத்துக்கோ, அவசரமில்ல” என்றாள் டீச்சர்.

பிள்ளைகள் முடித்துக் கொடுத்த வரிசையிலேயே தாள்களை அடுக்கிப் பக்க எண் போட்டு, தடித்த நூலால் தைத்தாள். சிவரஞ்சனியின் பக்கம் பதினாலு. பொருளடக்கத்தைப் பெரிய தாளில் எழுதி, பெற்றோர் கூட்டத்தன்று வகுப்புக் கதவில் ஒட்டினாள். தலைப்பு, எழுதிய பிள்ளையின் பேர், பக்க எண். அழகாகத்தான் இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்தத் தாளை அவள் கதவில் ஒட்டாமல் இருந்திருக்கலாம்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது பொருளடக்கமாகத் தெரியவில்லை. பத்திரிகையாகத் தெரிந்தது.

விக்னேஸ்வரனின் அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். “டீச்சர், இந்த வகுப்புக்கு ரெண்டு ஃபேன் வாங்கிக் குடுத்தது நாங்க. எங்க பேரு கடைசியா?”

“அது கடைசிப் பக்கம்மா. அவன் கடைசியாத்தான் முடிச்சுக் குடுத்தான்.”

“அதான் கேக்கேன். மினிபஸ்ஸுக்கு மொத எடம், கடைக்குக் கடைசி எடமா?”

சீனியம்மாள் என்று ஒருத்தி, பள்ளிக்குப் பக்கத்து வீடு, கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதவள், “பெரியவுக பேரு மொதல்ல வரணும்லா? அதுதான மொற?” என்று எடுத்துக் கொடுத்தாள். ஒருவர், தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, “ஹெட்மாஸ்டர் பேரையே காணுமே” என்று கவலைப்பட்டார். டீச்சர் விளக்கினாள். விளக்க விளக்க சத்தம் கூடியது. பிள்ளைகள் தலைமேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விளங்கிய விஷயம் அப்பா அம்மாவுக்கு ஏன் விளங்கவில்லை என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை.

இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் சுந்தரபாண்டியன் வந்தார். சிவரஞ்சனியின் அப்பா. காக்கியில் இருந்தார். கூட்டம் தானாக வழி விட்டது. பதினாலாவது வரியைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“டீச்சர், எம் பிள்ளைக்கு எழுதறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா?”

“சார், அவ மாந்தோப்பைப் பத்தி...”

“நான் அப்பன் ஒருத்தன் இருக்கேன். ஸ்டேசனப் பத்தி எழுதச் சொல்லியிருக்கலாம்ல. அவம் பேரு எம் பிள்ள பேரோட ஒரே வரியில வரக் கூடாது. அந்தப் பக்கத்த எடுத்துருங்க.” சத்தம் போடாமல்தான் சொன்னார். “விழாவுக்கு வந்து பாப்பேன்” என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளம்பினார். பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைப்பு ஒன்றைத்தான் பார்த்தார்.

ஹெட்மாஸ்டர் ஐயாதுரை ஓய்வுபெற ஒரு வருஷமே இருக்கும் மனிதர். யாரோடும் வம்பு வேண்டாம் என்பது அவர் கொள்கை. “அம்மா, அந்தக் கதவுத் தாளைக் கிழிச்சிருங்க. பேரு இல்லேன்னா பிரச்சினை இல்ல. ஏட்டையா சொன்ன பக்கத்தையும் எடுத்துருங்க. ஒரு பக்கந்தான?” என்றார்.

வீட்டில் வினோத் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏட்டி, நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே. பேரைப் போட்டா வரிசை வரும், வரிசை வந்தா சண்டை வரும். இதுலதான எம் பொழப்பே ஓடுது.”

“சிரிக்காதீங்க. அந்தப் பிள்ள பக்கத்த எப்படிங்க எடுப்பேன்?”

அவன் சிரிப்பை நிறுத்தினான். போலீஸ்காரரோடு என்னத்துக்கு என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

மறுநாள் பள்ளிக்குச் சீக்கிரம் போய், பிளேடால் முதல் தையலை அறுத்தாள். இரண்டாவது தையலில் கை நின்றது. பின்னால் காலடிச் சத்தம். சிவரஞ்சனி பையோடு நின்றாள்.

“டீச்சர், எம் பக்கம் இருக்குல்லா?”

குழந்தைகள் சில நேரம் இப்படித்தான் நேராகக் கேட்டுவிடுகிறார்கள். ஏட்டையாவுக்குப் பயப்படுவதா, இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்வதா? டீச்சர் பிளேடை மேசை டிராயரில் போட்டு மூடினாள்.

“இருக்கு ரஞ்சனி. நூலு தளந்திருந்துச்சு, சரி பண்ணுதேன்.”

கதவுத் தாள் போய்விட்டது. புத்தகத்துக்குள்ளிருந்த பொருளடக்கத்தையும் ஹெட்மாஸ்டர் விடவில்லை. இப்போது ஜெபின் வந்து நின்றான். “டீச்சர், பணியாரச் சட்டி எந்தப் பக்கத்துல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க? மொதல்லருந்து படிக்கணுமா?” அவன் குரலில் பின்கோடு நம்பரின் பழைய களைப்பு இருந்தது.

அப்போது டீச்சருக்குச் சொல்லடைவு ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு ஜாஸ்தி என்று அவள் தொடாமல் விட்டிருந்த விஷயம். எலும்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். புத்தகத்தில் வரும் முக்கியமான சொல் எல்லாம் அகர வரிசையில் நின்றது. ஒவ்வொன்றின் எதிரிலும் அது வரும் பக்கம்.

“பொருளடக்கம் வாசல்ல நிக்கிறது. இது கொல்லைப்புறத்து வாசல். உங்க பக்கத்துல வர்ற முக்கியமான பேரு, பொருளு எல்லாத்தையும் துண்டுச் சீட்டுல எழுதுங்க. பக்க நம்பரும் போடுங்க.”

வகுப்பில் குறுக்கே கயிறு கட்டி, துணி கிளிப்பில் சீட்டுகளை அகர வரிசையில் மாட்டினார்கள். அன்றைக்கு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. ‘ஊசி’க்கும் ‘ஊஞ்சலுக்கும்’ எது முந்தி என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். தன் பேர் கயிற்றின் கடைசி முனைக்குப் போனதில் ஜெபினுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாந்தான டீச்சர் மொதப் பக்கம். என்னைய ஏன் கடைசியில வச்சீங்க?”

“நான் வைக்கலலே. ‘ஜ’ங்கிற எழுத்து கடைசியில வருது. எழுத்து வச்ச எடம் அது. யாரும் யாரையும் மேல கீழ வைக்கல.”

ஜெபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தான். ஃபேன் வாங்கிக் கொடுத்த விக்னேஸ்வரனும் அவனுக்கு நாலைந்து சீட்டுத் தள்ளிதான் தொங்கினான். அதில் அவன் சமாதானமாகிவிட்டான்.

சிவரஞ்சனி ஒரு கைப்பிடிச் சீட்டு கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகக் கிளிப்பில் மாட்டினாள். எல்லாச் சீட்டிலும் பதினாலு என்றே எழுதியிருந்தது. என்னென்ன பேர் எழுதியிருக்கிறாள் என்று டீச்சர் பார்க்கவில்லை. யார் பிள்ளையின் கிளிப்பையோ பிடுங்கிய சண்டையைத் தீர்க்கப் போய்விட்டாள்.

கயிற்றில் தொங்கிய வரிசைப்படியே பிள்ளைகள் எல்லாவற்றையும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதினார்கள். விழா நாள் வந்தது. வராண்டாவில் மேசை போட்டுப் புத்தகத்தை வைத்தார்கள். திட்டம் இதுதான். வருகிற பெரியவர்கள் ஏதாவது ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை சொல்லடைவைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டும். முதலில் தயங்கியவர்கள் அப்புறம் விடவில்லை. “பஞ்சு!” “மூணு, ஒம்போது!” “பால்கோவா!” “பதினொண்ணு!” விக்னேஸ்வரனின் அம்மா, “மஞ்சத்தூள்” என்று சொல்லி, தன் கடையின் போட்டோ வந்ததும் வாயெல்லாம் பல்லாக நின்றாள். கடைசிப் பக்கம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

காக்கிச் சட்டை கேட்டுக்குள் நுழைந்தபோது மேசைக்குப் பின்னால் நின்றது சிவரஞ்சனி. ஹெட்மாஸ்டர், “எடுத்தாச்சுல்லம்மா?” என்று காதருகே கேட்டார். அவள் புத்தகத்தை நேராக நகர்த்தி வைத்தாள். அவருக்கு அதுவே பதிலாகிவிட்டது. மெதுவாக நகர்ந்து ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார்.

சுந்தரபாண்டியன் கதவைப் பார்த்தார். தாள் இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். பொருளடக்கம் இல்லை. முகம் கொஞ்சம் இளகியது. மகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிற மனுஷன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“என்னத்தா, கடை போட்டிருக்க?”

“ஒரு பேரு சொல்லுங்கப்பா. எந்தப் பக்கம்னு சொல்லுதேன்.”

“ஏது, எம் பேரு இருக்கா?” விளையாட்டாகத்தான் கேட்டார். இருக்காது என்று நினைத்துத்தான் கேட்டார்.

சிவரஞ்சனி கடைசிப் பக்கங்களைத் திருப்பி, விரலை மேலிருந்து கீழே நகர்த்தினாள். ச, சா, சி, சு. “சுந்தரபாண்டியன். பதினாலு.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவளாகவே பக்கத்தைத் திருப்பினாள்.

‘அழகுராஜா மாமாவின் மாந்தோப்பு.’ டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் கையும் தாளின் மூலைக்குப் போனது.

“இது நம்ம போட்டோல்லா?” என்றார்.

“ஆமாப்பா. அம்மா போன்ல இருந்துச்சு.”

அவர் குனிந்தார். அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ‘மாமா முழங்கை’யில் உதடு லேசாகத் துடித்தது. ‘அப்பா வாங்கிய கயிறு.’ ‘முடிச்சு.’ அப்புறம் கண் கீழே இறங்கியது. அங்கே காலியாகக் கிடந்த இடத்தில் இப்போது எழுத்து இருந்தது. டீச்சரும் அதை அப்போதுதான் பார்த்தாள். பென்சிலால், அழித்து அழித்து எழுதியிருந்தாள்.

‘ஊஞ்சல் கட்டிய அன்று எடுத்த படம். இதில் அப்பா தெரியவில்லை. ஏன் என்றால் படம் எடுத்தது அப்பா.’

வராண்டாவில் “முறுக்கு!” “ஏழு!” என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுந்தரபாண்டியன் அந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது. தாளின் மூலையில் இருந்த கை, மடங்கியிருந்த அந்த மூலையை நீவி விட்டது. திட்டப் போகிறார் என்று காத்திருந்த பிள்ளையும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா எழுதியிருக்கத்தா” என்றார். குரல் காக்கிக்குரியதாக இல்லை.

போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தார். வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றார். அனுப்புவதா வேண்டாமா என்று விரல் போனுக்கு மேலேயே நின்றது. அப்புறம் அழுத்திவிட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. போனைப் பைக்குள் போடுவதற்குள் மணி அடித்தது.

“மாப்ள” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. டீச்சர் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவுகிற மாதிரி நின்றாள். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் அந்த இடத்தை விட்டு யார்தான் நகர்வார்கள்?

“ம்... பிள்ளதான் எழுதுனா... ஆமா, ஒன் முழங்கைதான்.” கொஞ்ச நேரம் கழித்து, “கயிறு இத்துப் போயிருக்கும்லா?... ஓகோ... முடிச்சு?” என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே மரத்தில் கை ஊன்றினார். “அவுக்காமலே வச்சிருக்கியா? சரி... சரி மாப்ள. தப்பு எம்மேலதான். நாளைக்கு வாரேன். ஒங்க அக்காளையும் பிள்ளையையும் கூட்டிட்டுத்தான் வாரேன்.”

அந்த வாரமே அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து வினோத்தின் கடையில் நின்றார். காதுகுத்துப் பத்திரிகை. பேர்களைச் சொன்னார். வினோத் எழுதிக்கொண்டு, தன் தொழில் தர்மப்படி, “வரிசை எப்படி சார்? யாரு மேல?” என்று பயந்துகொண்டே கேட்டான்.

“தாய்மாமன் பேரு தனியா, மேல, தடிச்ச எழுத்துல. மத்த எல்லாரையும் எழுத்து வரிசையில போடுங்க.”

“ஒங்க அண்ணன் பேரு ‘வெ’யில ஆரம்பிக்குது சார். ரொம்பக் கீழ போயிருமே.”

“கேட்டா, எழுத்து வச்ச எடம்னு சொல்லிக்கிடுதேன். யாரும் யாரையும் கீழ வைக்கலன்னு எம் பிள்ள சொல்லுதா.”

இதை வினோத் வீட்டில் சொன்னபோது அன்றைக்கு டீச்சருக்குச் சோறு ஆறிப்போனது.

விசேஷம் முடிந்து சிவரஞ்சனி பள்ளிக்கு வந்தபோது இரண்டு காதும் சிவந்து வீங்கியிருந்தன. பொட்டுப் பொட்டாகத் தங்கக் கம்மல். பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டுப் பார்க்க வந்ததை ஒரு ராணி மாதிரி கையால் தடுத்தாள். நேராக டீச்சரிடம் வந்து ஒரு போட்டோவை நீட்டினாள். பதினாலாம் பக்கத்துக்குப் பின்புறம் காலியாக இருக்கிறது, அதில் ஒட்டலாமா என்று கேட்டாள்.

போட்டோவில் ஒரு ஆள் மடியில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு ஆள் பிள்ளையின் தலையைப் பிடித்திருந்தார். அவ்வளவுதான் தெரிந்தது. படம் கலங்கலாக, ஆடிப்போய் இருந்தது. யார் முகமும் ஒழுங்காக இல்லை. வினோத்தாக இருந்தால் ஒதுக்கிப் போட்டிருப்பான்.

“வேற நல்ல படம் இல்லையா ரஞ்சனி?”

“கேமராக்காரரு எடுத்தது நெறைய இருக்கு டீச்சர். எனக்கு இதுதான் வேணும். கீழ எழுதிட்டேன், பாருங்க.”

டீச்சர் படித்தாள்.

‘இந்தப் படத்தை அப்பா எடுக்கவில்லை. அப்பா படத்துக்குள் மாமா பக்கத்தில் இருக்கிறார்கள். எடுத்தது அம்மா. படம் ஏன் ஆடியிருக்கிறது என்றால், அம்மா அழுதுகொண்டே எடுத்தார்கள்.’

திருத்துவதற்கு டீச்சர் கையில் சிவப்புப் பேனா இருந்தது. அதில் திருத்த ஒன்றும் இல்லை. புடவைத் தலைப்பால் கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். சொல்லடைவில் ‘மாமரம்’ இருந்தது, ‘மாமா’ இருந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் இடுக்கலாக இடம் கிடந்தது. அங்கே, ‘மாரீஸ்வரி, பதினாலு’ என்று எழுதினாள்.